திரைக்கு அந்தப் பக்கம்

"உதட்டுக்கு என்ன வண்ணம்டி குழைச்சே? சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"நீங்க குழைச்ச அதே சிவப்புதான்க்கா," என்றாள் திரைக்கு அப்பாலிருந்து இளைய ஓரகத்தி. "எனக்குத்தான் சேறு மாதிரி வருது."

"ஆமாமா, சேறு! செந்தாமரை பூக்கிற சேறு!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கம்மா," என்றார் ஓவியர். "படத்துல இருக்கிறவ எத்தனை தலைமுறையா வாயைத் திறக்காம நூல் நூற்கிறா, பாருங்க."

பழம்பெரும் மேதை ஒருவர் தீட்டிய அந்த நூற்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்து, எண்ணெய் வண்ணத்தில் எழுதிப் பழகுவதே இருவருக்கும் பாடம். ஒருவர் படத்தைப் பார்த்து மற்றவர் கை தடுமாறக் கூடாதென்று ஓவியர் நடுவே துணித்திரை கட்டியிருந்தார். கண்காட்சிக்கு ஒரு படம்தான் போகும்.

மாமியாரின் மனத்தைச் சமையலாலும் சிரிப்பாலும் இளையவள் என்றோ வென்றுவிட்டாள். இந்தத் தூரிகையாவது தனக்கென்று இருக்கட்டும் என ஏங்கினாள் மூத்தவள். அப்பால் ஓவியர் 'ம்' என்றாலே அது பாராட்டாகவே அவள் செவியைச் சுட்டது. அன்று பாடம் முடியுமுன்பே, தலைவலி என்று சொல்லி வீடு திரும்பினாள்.

மறுநாள் அவளே முதலில் வந்தாள். திரை சற்று விலகியிருந்தது. அந்த இடுக்கில் தெரிந்தது, நூற்பவளின் முகம் மட்டும்.

கீழுதட்டில் ஈரம் மின்னியது. இமைகள் அந்தக் கணம்தான் தாழ்ந்தன போலிருந்தது. தன் படத்தில் ஓயாமல் குறை தேடிச் சலித்த கண்களுக்கு இதில் எள்ளளவு குறையும் அகப்படவில்லை.

"இதையும் எடுத்துக்கிட்டியாடி?" என்று முணுமுணுத்தாள்.

கந்தலை, வண்ணம் கரைக்கும் டர்பன்டைனில் தோய்த்தாள். வண்ணம் இன்னும் காயவில்லை. ஓர் இழுப்புப் போதும், உதடு அழிந்துவிடும். திரையோரம் ஒண்டி நின்று கையை மட்டும் நீட்டினாள்.

எதிரிலிருந்தும் ஒரு கை கந்தலோடு நீண்டு வந்தது.

"கண்ணாடியை ஏன்க்கா துடைக்கிறீங்க?" வாசலில் இளையவள் நின்றிருந்தாள். "என் படம் தேறாதுன்னு நேத்தே சட்டத்துலேர்ந்து கழட்டிட்டேன். உங்க படத்தை நீங்களே அடுத்தவங்க கண்ணால ஒரு தடவை பார்க்கணும்னுதான் ஓவியர் அந்த இடத்துல கண்ணாடியை நிறுத்தி வெச்சாரு. பார்த்தீங்களா?"