கேட்ச்சர் கிளவுஸ்

அடுத்த வாரம் பேஸ்பால் அணித் தேர்வு. இஃப்ஃபத் எறியும் வேகத்துக்குப் பயந்து, பந்து பிடிக்கும் தோழி ஹேமலதா வருவதை நிறுத்திவிட்டாள். பயிற்சியும் நின்றுபோனது.

நேரு வீதிக் கடையில் இஃப்ஃபத்தின் தந்தை சிராஜுதீன் கேட்ச்சர் கிளவுஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

"உள்ளங்கைப் பக்கம் இன்னும் தடிமனா காட்டுங்க."

"பாய், இது பந்து புடிக்கவா, பீரங்கிக் குண்டு புடிக்கவா?" கடைக்காரர் சிரித்தார்.

"எம் பொண்ணு எறியறதப் பாத்தா இப்படிக் கேக்கமாட்டீங்க."

"கிளவுஸ் வாங்கிக் குடுத்தாலும் ஹேமா வரமாட்டா அத்தா," என்றாள் இஃப்ஃபத்.

அவர் இருப்பதிலேயே பெரியதை எடுத்தார்.

"ஐயோ, அது அவ கைக்குப் பெருசு!"

சிராஜுதீன் அந்த கிளவுஸுக்குள் தன் இடது கையை நுழைத்து, வலது கையால் ஓங்கிக் குத்திப் பார்த்தார்.

"என் கைக்குச் சரியா இருக்கு. காலையில பீச்சுக்குப் போவோம். அத்தாவாச்சேன்னு மெதுவா எறிஞ்சிடாத."