நான்கு விரல் தடம்

ஞானவேலின் முதல் மனைவி இந்திராணி சாவதற்கு முந்தின நாள் பிடித்து வைத்த பிடிகொழுக்கட்டைகள் ஃப்ரீசரில் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் அவளுடைய நான்கு விரல்களின் தடம். நான் அவரைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை வைக்கிற தேங்காப்பால் சூப்புல உன்னோடத எத்தன வேணாலும் போடு. அவளோடது ஒண்ணே ஒண்ணு. அது என் கிண்ணத்துக்கு."

அந்த வெள்ளிக்கிழமை டப்பாவில் அவளுடையது ஒன்றுதான் மிச்சம். தேங்காய்ப்பால் திரிந்துவிடாமல் கிண்டிக்கொண்டே அதைப் போட்டேன். புதினாவையும் கொத்தமல்லியையும் கிள்ளித் தூவினேன். என்னுடையவற்றுக்கு நடுவில் அது வெந்து மேலே வந்தது. கரண்டியில் எடுத்து ஆறவிட்டு, அந்தத் தடத்தில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் அவர் கிண்ணத்தைத் துழாவினார். கொழுக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"அவளோடது எங்க?"

"நான் தின்னுட்டேன்."

கத்துவார் என்று காத்திருந்தேன். கிண்ணத்தைத் தூக்கி எறிந்திருந்தாலும் எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

"உப்பு இருந்துச்சா?" என்றார்.

"சுத்தமா இல்ல."

"எப்பவும் மறந்துடுவா" என்று சொல்லிச் சிரித்தார்.

கல்யாணமான எட்டு மாதத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.