தலையணைக்கடியில் ஒரு மாங்கொட்டை

மாங்கனித் திருவிழாவுக்கு மறுநாள் என்றுதான் நினைவு. அதற்கும் மறுநாளாக இருக்கலாம். மாமனார் தெட்சிணாமூர்த்தியின் தலையணைக்கடியில் மாங்கொட்டை கிடந்தது மட்டும் நிச்சயம்.

கண்டெடுத்தவன் உமாவின் கணவன் சிவக்குமார். சாமி புறப்பாட்டில் மாடிகளிலிருந்து எறிந்த மாம்பழங்களை அவன்தான் பிடித்து வந்திருந்தான்.

"ராத்திரிச் சோத்த நிறுத்தியும் சர்க்கர ஏன் ஏறுதுன்னு கேட்டியே உமா, ஒன் மாமனாரு பண்ற வேலையப் பாரு!"

உமாமகேஸ்வரி கொட்டையை வாங்கிப் பார்த்தாள். நார் வெளுக்கக் கடித்துச் சுரண்டியிருந்தது. கட்டிலோரத்து டம்ளரில், ஈறு சுருங்கியதால் பொருந்தாமல் போன பல்செட் கிடந்தது.

"மாமா, தின்னீங்களா?"

வீட்டில் மகளுக்கும் பங்கு எழுதுவேன் என்றதிலிருந்து மகன் சிவக்குமாரோடு தெட்சிணாமூர்த்திக்குப் பேச்சில்லை. அவர் உமாவின் பக்கம் திரும்பினார்.

"தின்னேன்னே வச்சுக்கம்மா. கொஞ்சம் சோறு போடு."

"இனிமே பகல்லயும் கஞ்சித்தண்ணிதான்," என்றான் சிவக்குமார். "டாக்டர் சொல்லிட்டாங்க. இன்சுலின் ஊசியும் வேணாம்னு அப்பவே சொன்னாங்கல்ல?" ஆஸ்பத்திரிக்கு எப்போதும் அவன் தனியாகத்தான் போய்வருவான்.

உமா அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் நல்லதுக்குத்தானே. சோறு கேட்டு அவர் கதவைத் தட்டும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

சர்க்கரை மேலும் ஏறியது. ஒருநாள் காலையில் அவரால் எழ முடியவில்லை. கணவன் வேலைக்குப் போயிருந்ததால் ஆட்டோவில் அவளே தூக்கி ஏற்றினாள். வேட்டி மூட்டையைத் தூக்குவதுபோல் இருந்தது.

டாக்டர் பஹீமா அவர் தொடையை அழுத்திப் பார்த்தார். தோலுக்கும் எலும்புக்கும் நடுவே எதுவுமில்லை.

"திருடித் திங்கிறாரு டாக்டர். அடுப்படியப் பூட்டிக்கூட வச்சிட்டேன்."

"எதத் திருடினாரு? தன் சதையத்தான் தின்னுருக்காரு. ஊசியும் போடாம, சோறும் போடாம இருந்தா ஒடம்பு சதையக் கரைக்கும். கல்லீரல் அதச் சர்க்கரையா மாத்தும். பட்டினி போடப் போட ஏறத்தான் செய்யும்." பஹீமாவின் குரல் தாழ்ந்தது. "ரொம்ப லேட்டுமா. இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல."

உமாவின் இடுப்பில் சாவி உறுத்தியது.

"இப்படி ஆவும்னு எங்களுக்குத் தெரியாதே டாக்டர்..."

பஹீமா நிமிர்ந்து பார்த்தார்.

"ஊசிய நிறுத்திப் பட்டினி போட்டா என்ன ஆவும்னு போன மாசம் ஒங்க வீட்டுக்காரர்தானம்மா கேட்டுட்டுப் போனாரு?"