சுதைப் பூக்களுக்குப் பின்னால்

பாரம்பரியக் கட்டடம் என்பதால், வெளிப்பார்வைக்கு எதுவும் மாறக் கூடாது என்பதுதான் விதி. நூற்றைம்பது வருடத்துப் பதிவு அலுவலகம் அது. ஏசி குளிர் வீணாகிறது என்று, கூரையடியில் வரிசையாக இருந்த காற்றுத்துளைகளை அடைத்தார்கள். வெளியே சுதைப் பூக்களுக்குப் பின்னால் கண்ணாடி, உள்ளே பொங்கி இறுகும் மஞ்சள் நுரை. நடுவில் அடைபட்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கும் என்றார் பொறியாளர் மாசிலாமணி. வேலை முழுக்கப் பகலில் நடந்தது. துளைகளுக்குள் வௌவால்கள் தூங்கும் நேரம். சாயங்காலம் என் மேஜைக்கு நேர் மேலே, சுவருக்குள் பிறாண்டும் சத்தம் கேட்டது.

"சார், உள்ள உயிரோட இருக்கு," என்றேன் மாசிலாமணியிடம்.

"சீல் பண்ணியாச்சுங்க. பிரிச்சா திரும்ப காத்துக் கசிவு டெஸ்ட் எடுக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமை பாரம்பரியக் கமிட்டி பார்வையிட வருது. உங்க காதுல எதுவும் விழல."

என் காதில் எதுவும் விழவில்லை. மூன்றாம் நாள் சத்தம் நின்றது. அப்புறம் நாற்றம் வந்தது. ஏசி அதையே இழுத்து அதையே எங்கள் மேல் ஊதியது. நுரையின் ஓரத்தில் பழுப்பாகக் கசிந்து சுண்ணாம்புச் சுவரில் இறங்கியது. சாப்பாட்டு டப்பாவை வாசலுக்கு எடுத்துப்போய்த் திறந்தோம்.

வெள்ளிக்கிழமை வந்த கமிட்டி அம்மையார் கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தார்.

"பழைய கட்டடத்துக்குன்னு ஒரு வாசனை இருக்கு பாருங்க. அதைக்கூட விடாம காப்பாத்தியிருக்கீங்க."

எல்லோருக்கும் தேநீர் வந்தது. மேலேயிருந்து ஒரு வெள்ளைப் புழு என் டம்ளருக்குள் விழுந்து நெளிந்தது.

"டீ ஆறுதே, குடிங்க," என்றார் அம்மையார்.

மாசிலாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குடித்தேன்.