பேனாக்காரரின் ஆறு வாரம்

"மனுஷன் கொட்டாவி விட்டதைக்கூடவா சார் எழுதுவீங்க?"

"விட்டா எழுதத்தான் மேடம் செய்வேன். மூணாம் நம்பர் கம்ப்யூட்டர், பத்து இருபதுக்கு ஒரு கொட்டாவி. பத்து இருபத்தஞ்சுக்கு இன்னொண்ணு."

"எங்க ஆளுங்க மானத்தை வாங்கன்னே வந்திருக்கீங்க. எப்ப சார் கிளம்புவீங்க?"

"மேலேர்ந்து உத்தரவு வரட்டும். வந்த நிமிஷமே கிளம்பிடறேன்!"

பொதுக் கணினி மையத்தின் கண்ணாடிக் கதவருகே நின்று தையல்கார அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தியவள் மையத்தின் பொறுப்பாளர். எதிர்க்குரல் கொடுத்தவர் தலைமை அலுவலகம் அனுப்பிய ஆய்வாளர். எட்டுக் கணினிகளில் யார் உட்காருகிறார்கள், என்ன பார்க்கிறார்கள், எத்தனை நிமிடம் பார்க்கிறார்கள் என்று உட்கார்ந்து எழுதுவதுதான் அவர் வேலை. வந்து மூன்று நாள்தான் ஆகிறது; அதற்குள் தெரு அவருக்குப் பேனாக்காரர் என்று பெயர் வைத்துவிட்டது.

நாளைக்கு முப்பது பேராவது வரவில்லை என்று அவர் எழுதிவிட்டால் மையத்தை மூடிவிடுவார்கள். பூவேலை மாதிரிகளை அக்கா இங்கேதான் தேடுவாள், இங்கேதான் அச்செடுப்பாள். அந்தத் தாளைத் துணிமேல் குத்தி வைத்துத்தான் தைப்பாள். மையம் போனால் பழையபடி பட்டன் தைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பொறுப்பாளரை ஓரமாக இழுத்தாள். "ஏன் தங்கச்சி, நம்ம தலையெழுத்தே அந்தாளு பேனாவுல இருக்கு. நீ போய் அவரோட மல்லுக்கு நிக்கிறியே!"

"அந்த மூஞ்சியைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருதுக்கா."

"சரி, ஆளுங்களை நான் பாத்துக்கறேன். நீ உன் வாயை மட்டும் பாத்துக்க."

முதலில் மாட்டியவர் அக்காவின் வீட்டுக்காரர்.

"எனக்கு கம்ப்யூட்டர்ல என்னடி தெரியும்?"

"வீட்ல டிவி முன்னாடி சும்மாதானே உக்காந்திருக்கீங்க? அதையே அங்க வந்து உக்காருங்க."

அடுத்து நாத்தனார். அடுத்து கொழுந்தன். அதற்கும் அடுத்து, கத்தரிக்கோலும் கையுமாக இருந்த சலூன்காரர். அவர் அரை மணி நேரம் விசைப்பலகையை வெளுத்து வாங்கினார். பேனாக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, சுவிட்சே போடலியே?"

"பழகிட்டிருக்கேன் சார். பழகறப்ப எதுக்குக் கரண்ட்டை வீணாக்கணும்?"

பேனா ஓடியது. பொறுப்பாளர் பாய்ந்து வந்தாள். "இதையும் எழுதியாச்சா? சந்தோஷமா?"

"ரொம்ப சந்தோஷம் மேடம்!"

அவர் நாற்காலியை அவள் ஒரே வாரத்தில் மூன்று தடவை மாற்றிப்போட்டாள். முதலில் அச்சு இயந்திரத்தின் பக்கம். பிறகு வெயில் விழும் சன்னலோரம். கடைசியில் தன் மேசைக்கு நேர் எதிரே. "கண் முன்னாடி இருந்தாத்தான் என்ன கிறுக்கறார்னு தெரியும்" என்று அக்காவிடம் விளக்கம் வேறு.

இரண்டு வாரம் என்று சொன்ன ஆய்வு நான்கு வாரம் ஆயிற்று. அக்காவின் படை நாற்பதைத் தாண்டியது. சலூன்காரர் சுவிட்ச் போடக் கற்றதோடு நிற்காமல், புதுப்புது முடிவெட்டுப் படங்களை அச்செடுத்துக் கடைச் சுவர் முழுக்க ஒட்டினார். நாத்தனார் ஏழு இடத்துக்கு வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். வீட்டுக்காரர் மட்டும் மூன்றாம் கணினியில் முறை தவறாமல் கொட்டாவி விட்டார்.

"ஏன் தம்பி, இன்னுமா முடியல?" என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எனக்கே புரியலக்கா. மத்த ஊர்லல்லாம் பதினாலே நாள்ல கிளப்பிவிட்டாங்க. இங்க மட்டும் உத்தரவே வர மாட்டேங்குது."

"என் உயிரை எடுக்கணும்னு இருக்கு, வேறென்ன?" என்று மேசைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

ஆறாவது வாரம் ஒருநாள் மையத்திலிருந்து சத்தமே வரவில்லை. அக்கா தைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். உள்ளே பேனாக்காரர் எண்களைப் படித்துக்கொண்டிருந்தார், பொறுப்பாளர் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரே கோப்பைத் தேநீர்.

"அக்கா, நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்றார் பேனாக்காரர்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"அடப்பாவிகளா! நீங்க கத்தினதுதானேடா எங்க காதுல விழுந்துச்சு. எப்ப பேசினீங்க?"

அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். முழுத் தெருவும் வந்திருந்தது. "நான் மட்டும் ஆள் பிடிக்காம இருந்திருந்தா இந்த ஆய்வு இழுத்திருக்குமா, இந்தக் கல்யாணம்தான் நடந்திருக்குமா?" என்று அக்கா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மணமக்கள் இருவரும் மறுவாரமே வேறோர் ஊருக்கு மாற்றலாகிப் போவதாக ஏற்பாடு. அதுதான் அவளுக்குக் கவலை. சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த தலைமை அலுவலக அதிகாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இவங்கதான் போறாங்க. நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். மையத்தை மட்டும் மூடிடாதீங்க."

"யாரும்மா மூடறாங்க? அது நடக்கட்டும்னு ரெண்டாவது வாரமே முடிவாயிடுச்சே!" அதிகாரி பேனாவைத் திறந்தபடி சிரித்தார். "இவரை அடுத்த ஊருக்கு அனுப்பச் சொல்லி மையத்து மெயிலுக்கு அன்னிக்கே உத்தரவு போட்டேன். 'ஆய்வு அரைகுறையா நிக்குது, இன்னும் ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும்'னு வாராவாரம் பதில் போட்டது கல்யாணப் பொண்ணுதானே!"