பாதி அட்டை மாத்திரை

"உங்க வீட்டுக்காரர் செத்து நாலு மாசமாச்சு. அவர் பேருக்கு இன்னமும் மாத்திரை வருதே, எப்படிக்கா?"

வாசலில் நின்றபடியே கேட்டார் பஸ் டிரைவர்.

அந்தம்மா மாத்திரை அட்டைகளை அவர் கையில் வைத்தார். வழக்கம்போல ஒவ்வொன்றும் கத்தரியால் நேர்பாதியாக வெட்டப்பட்டிருந்தது.

டிரைவருக்கு வலது காலில் நரம்பு வலி. நெருப்புக் கம்பியால் தைப்பது போல எரியும். மாத்திரை போட்டால்தான் பிரேக்கை மிதிக்க முடியும். மிதிக்க முடியாவிட்டால் வேலை போய்விடும். காப்பீடும் கிடையாது. விலையைக் கேட்டுத் திகைத்து நின்றவரிடம் மருந்துக்கடைக்காரர்தான் இந்த வீட்டைச் சொன்னார்.

"அவருக்கும் இதே வியாதி. போய்ச் சேர்ந்துட்டார். மிச்ச மாத்திரையை அந்தம்மா சும்மாவே தர்றாங்க."

மிச்சம் ஒரு மாதம் வரலாம், இரண்டு மாதம் வரலாம். இன்றைய அட்டையில் தயாரித்த தேதியே போன மாதம்தான்.

"செத்தும் வலி தீராத ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் டிரைவர். "காப்பீட்டு ஆபீஸ்ல அவர் செத்ததையே சொல்லலையா? காப்பீட்டுல வாங்கி, பாதியை வெளியில விக்கிறீங்களா? மாட்டினா கம்பி எண்ணணும்க்கா."

சொல்லிக்கொண்டே அட்டைகளைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்தினார்.

"உங்களுக்கு வலி குறைஞ்சுதா, இல்லையா?"

"குறைஞ்சுது..."

"அப்ப கிளம்புங்க தம்பி. அவர் இப்பத்தான் கண்ணசந்தார்."

சொன்ன பிறகுதான் அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரு?"

மூடிய அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, துணிக்குள் அமுக்கியது போல ஒரு முனகல்.

டிரைவருக்கு அந்த முனகலைத் தெரியும். நாலு மாதம் முன்புவரை அது அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தம்.

"உள்ள யாருக்கா?"

"யாருமில்ல. போங்க தம்பி."

அறைக்கதவு மெல்லத் திறந்தது. பல்லிடுக்கில் துண்டைக் கடித்தபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். வலது கால் தரையில் படவில்லை.

"நீங்க... இவங்க வீட்டுக்காரரா? செத்துட்டதா கடைக்காரர் சொன்னாரே!"

அவர் துண்டை எடுத்தார்.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். உயிரோட இருக்கறவன் பங்குன்னு தெரிஞ்சா, நீங்க கை நீட்டுவீங்களா தம்பி?"