தைல மரச் சாயம்

பஸ் கொண்டை ஊசி வளைவில் சாய்ந்தபோதும் ரோசலின் பின்னல் ஊசிகளை நிறுத்தவில்லை. கோத்தகிரி வருவதற்குள் வலது கையுறை முடிந்தாக வேண்டும். "நம்ம கல்யாணம் வேணாம், வேற ஆளைப் பாத்துக்க" என்று போனில் சொன்ன இன்பராஜ், கடைசியாக ஒரு தடவை ஸ்டாண்டுக்கு வரச் சம்மதித்திருந்தான்.

தைல மர இலையைக் கொதிக்கவைத்து அவளே சாயமேற்றிய கம்பளி நூல். ஒரு முழம் துருச் சிவப்பு, அடுத்த முழம் வெளிர் மஞ்சள். அடுத்து எந்த நிறம் வரும் என்ற ஆவலே கைகளை ஓட்டியது.

பக்கத்து சீட் பெண் எட்டிப் பார்த்தாள். "கலர் அள்ளுதும்மா. மாப்பிள்ளைக்கா?"

"அதைக் கேக்கத்தான் போறேன்க்கா."

கடைசிக் கண்ணியை இறுக்கி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஏம்மா அறுத்துட்ட? இன்னும் ரெண்டு விரல் பாக்கி கிடக்கே."

"இல்லக்கா, முடிஞ்சுது."

ஸ்டாண்டில் இன்பராஜ் வலக்கையை பேன்ட் பைக்குள் விட்டபடி நின்றான். அவள் கையுறையை விரித்து நீட்டினாள்.

"அளவு சரியா இருக்கான்னு பாரு."

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, தேயிலை ஆலை இயந்திரம் மூன்று விரல்களை மட்டும் விட்டுவைத்திருந்த அந்தக் கையை, மெல்ல வெளியே எடுத்தான்.